உறையில் உறங்கும் வாள்

நாடு காக்கும் நெறியை வகுத்துரைத்த வள்ளுவர், அரணுக்கு ஓர் அதிகாரமும் உட்பகைக்கு ஓர் அதிகாரமும் தந்தார். மதிற்புறத்தே முரசறைந்து நிற்கும் பகைவனை எதிர்கொள்ளும் முறை வேறு; மனைக்குள்ளே உறவினன்போல் உலவும் பகைவனை எதிர்கொள்ளும் முறை வேறு. ஆட்சியியல் கண்ட இந்த வேறுபாட்டை நம் உடலும் அறிந்து வைத்திருக்கின்றது. அறிந்ததோடு நில்லாமல், ஒவ்வொரு நாளும் அதன்படி நடந்தும் வருகின்றது.

தமிழ் மலரில் நொதிகளைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். உடலைப் பற்றிய அறிவு எந்த ஒரு துறைக்கும் தனியுடைமை அன்று. மேலும், இக்கட்டுரையின் இறுதியில் வரும் செய்தி ஒன்று நம் இல்லங்களின் வாயிலையே வந்து தட்டுவது. ஆதலின் மாணவரும் ஆசிரியரும் பெரியோரும் இதனைப் பொறுமையுடன் படித்தல் வேண்டும்.

இருவகைப் பகை

மனித உடல் ஏறத்தாழ 30 இலட்சம் கோடிக்குக் குறையாத உயிரணுக்களால் ஆனது என்று அறிவியலார் மதிப்பிடுவர். குருதியிலும் திசுக்களின் இடைவெளிகளிலும் திரியும் கிருமிகளைப் பிடித்து விழுங்குவதற்கு விழுங்கணுக்கள் உள்ளன. அவற்றைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்வதற்கு எதிர்ப்பொருள்கள் என்னும் புரதங்கள் உள்ளன. இவை மதிற்புறப் போருக்கு உரிய படைகள்.

ஆனால் வைரசு என்னும் நச்சுயிரி தனித்து வாழ இயலாதது. அது நம் உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ள பொறிகளையே பயன்படுத்தித் தன்னைப் பெருக்கிக்கொள்கின்றது. உள்ளே புகுந்துவிட்டால் எதிர்ப்பொருள்கள் அதனை எளிதில் எட்ட இயலாது. புற்றுநோயின் இயல்போ இதனினும் கொடிது. அங்கே வெளியிலிருந்து வந்தவர் எவரும் இலர். நம் உயிரணுவே நெறி பிறழ்ந்து வரம்பின்றிப் பெருகுகின்றது. இவ்விரண்டும் உட்பகை. இவற்றை அழிக்க வேண்டுமாயின் நம் சொந்த உயிரணுவையே கொல்ல வேண்டும்.

இங்கே மூன்று வினாக்கள் எழுகின்றன. நல்ல அணு எது, கெட்ட அணு எது என்று அறிவது எவ்வாறு? அக்கம் பக்கத்தாருக்கு ஊறு நேராமல் ஒன்றை மட்டும் கொல்வது எவ்வாறு? கொல்பவன் தன் படைக்கலத்தால் தானே மாயாதிருப்பது எவ்வாறு? இம்மூன்றுக்கும் விடை கண்ட வரலாறே நோய்த்தடுப்பியலின் சென்ற ஐம்பது ஆண்டு வரலாற்றில் ஒரு பெரும்பகுதி.

உட்பகையை இனங்காணுதல்

உட்பகையைக் கொல்லும் படையில் இருவகை வீரர் உளர். ஒரு வகையினர் கொல்லி டி அணுக்கள். மற்றொரு வகையினர் இயற்கைக் கொல்லி அணுக்கள். இருவரும் வெள்ளணுக் குலத்தைச் சேர்ந்தவரே. ஆயினும் பகைவனை அறியும் முறையில் வேறுபட்டவர்.

உட்கரு உடைய நம் உயிரணு ஒவ்வொன்றும் தனக்குள் உருவாகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கின்றது. ஒரு துண்டு பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் வரை நீளமுடையது. அதனை ஏந்தி நிற்கும் புரதத்திற்குத் திசுப்பொருத்த மூலக்கூறு என்பது பெயர். வீட்டுக்குள் என்ன சமைக்கப்படுகின்றது என்பதற்கு வாயிலில் வைக்கப்பட்ட மாதிரித் தட்டு என இதனைக் கொள்ளலாம். தட்டில் நம் புரதத்தின் துண்டே இருந்தால் டி அணு கடந்து போய்விடும். நச்சுயிரிப் புரதத்தின் துண்டு தென்பட்டால், அதனை அறிந்துகொள்ளும் ஏற்பி உடைய டி அணு அங்கே நின்றுவிடும்.

அயல் துண்டு, அதனை ஏந்தும் தன் மூலக்கூறு ஆகிய இரண்டையும் சேர்த்தே டி அணு அறிகின்றது என்னும் உண்மையை ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் பீட்டர் டோஹர்ட்டி, ரோல்ஃப் சிங்கர்நாகல் ஆகிய இருவரும் எலிகளில் செய்த ஆய்வின் வழியே கண்டு 1974இல் வெளியிட்டனர். இதற்காக 1996ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பெற்றது.

வஞ்சகம் மிக்க நச்சுயிரிகள் சில, இந்த மாதிரித் தட்டையே வாயிலிலிருந்து அகற்றிவிடுகின்றன. தட்டு இல்லாவிடில் டி அணு எதனைக் கண்டு பகைவனை அறியும்? இந்த இடைவெளியை அடைப்பவை இயற்கைக் கொல்லி அணுக்கள். தட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்பதையே அவை குற்றத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. இக்கருத்தைச் சுவீடன் நாட்டு அறிஞர் கிளாஸ் கெரேயும் அவருடைய குழுவினரும் 1986இல் ஆய்வினால் நிலைநாட்டினர். காட்டினாலும் பிடிபடுவான், மறைத்தாலும் பிடிபடுவான் என்னும் இந்த இரட்டைக் காவல் வியப்பிற்குரியது.

படைக்கலக் கொட்டில்

இருவகைக் கொல்லி அணுக்களின் உள்ளேயும் நுண்மணிகள் எனப்படும் சிறு சவ்வுப் பைகள் காணப்படுகின்றன. படைக்கலம் முழுவதும் அவற்றினுள்ளேதான் இருக்கின்றது. அதில் தலையாயவை இரண்டு. ஒன்று பெர்ஃபோரின், இது துளையிடும் புரதம். மற்றொன்று கிரான்சைம் என்னும் நொதிக் குடும்பம். இது புரதங்களை வெட்டும் கத்தி.

கிரான்யூல் என்றால் நுண்மணி. என்சைம் என்றால் நொதி. இவ்விரு சொற்களையும் இணைத்துக் கிரான்சைம் என்னும் பெயரைச் சூட்டியவர், சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூர்க் சொப் என்னும் அறிஞரும் அவருடைய உடனாய்வாளரும் ஆவர். 1987இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, இவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் என்பதை விளக்கியது. மனிதரிடம் ஏ, பி, எச், கே, எம் என ஐந்து கிரான்சைம்கள் உள்ளன. இவற்றுள் ஏ, பி ஆகிய இரண்டும் மிகுதியாக ஆராயப்பட்டவை.

இக்குடும்பத்தின் மூதாதை நமக்கு அயலன்று. உண்ட உணவின் புரதத்தைச் சிறுகுடலில் செரிக்கச் செய்யும் டிரிப்சின், கைமோடிரிப்சின் ஆகிய நொதிகளும் கிரான்சைம்களும் ஒரே குலத்தில் தோன்றியவை. எல்லாவற்றுக்கும் வெட்டும் இடத்தில் ஹிஸ்டிடின், அஸ்பார்ட்டிக் அமிலம், செரின் என்னும் மூன்று அமினோ அமிலங்கள் ஒருங்கு கூடி நிற்கின்றன. அவற்றுள் செரினே புரதச் சங்கிலியின் பிணைப்பை நேரே தாக்குவது. ஆதலின் இவற்றைச் செரின் வகை நொதிகள் என்பர். சோறு செரிக்கச் செய்யும் தொழிலுக்கு அமைந்த கருவியையே இயற்கை சிறிது திருத்திப் போர்க்கருவி ஆக்கியிருக்கின்றது.

வெட்டுவதும் பொருள் மாறுவதும்

ஆயினும் குடலின் நொதிக்கும் கிரான்சைமுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குடலில் நடப்பது தூள் தூளாக நறுக்குதல். கிரான்சைம் செய்வதோ குறித்த புரதத்தைக் குறித்த இடத்தில் வெட்டுதல். கிரான்சைம் பி, அஸ்பார்ட்டிக் அமிலத்தை அடுத்த பிணைப்பையே வெட்டும். அதிலும் சுற்றியுள்ள வரிசை தனக்குப் பொருந்தினால்தான் வெட்டும். கிரான்சைம் ஏ, ஆர்ஜினின் அல்லது லைசின் என்னும் அமினோ அமிலத்தை அடுத்து வெட்டும். ஒவ்வொரு நொதியிலும் உள்ள ஒரு சிறு பள்ளத்தின் வடிவமே அது எங்கே வெட்ட வேண்டும் என்பதை வரையறுக்கின்றது.

இலக்கணம் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். நன்னூலார் பொதுமொழி என ஒன்றைக் கூறுவார். வேங்கை என்னும் சொல் தனித்து நிற்கையில் ஒரு மரத்தையோ விலங்கையோ குறிக்கும். அதனையே வேம், கை எனப் பிரித்தால் வேகின்ற கை என்னும் வேறு பொருள் பிறக்கும். எழுத்து ஒன்றும் கூடவில்லை; பிரித்த இடமே புதுப்பொருளைத் தந்தது. உயிரணுவுக்குள்ளும் அத்தகைய புரதங்கள் உள்ளன. முழுமையாக இருக்கும்வரை அவை செயலற்றுக் கிடக்கும். உரிய இடத்தில் ஒரு வெட்டு விழுந்ததும் அவை முற்றிலும் புதிய தொழிலைத் தொடங்கிவிடும். கிரான்சைமின் ஆற்றல் முழுவதும் இந்த நுட்பத்தில் அடங்கியுள்ளது. அது இலக்கு அணுவைத் தானே சிதைப்பதைவிட, அந்த அணுவுக்குள் உறங்கிக் கிடக்கும் அழிவுப் பொறியை எழுப்பிவிடுவதே மிகுதி.

தாக்கும் தருணம்

கொல்லி அணு இலக்கு அணுவை அறிந்ததும் அதனோடு இறுக ஒட்டிக்கொள்கின்றது. இந்த ஒட்டிடத்தை நோய்த்தடுப்பு இணைவாய் என்று கூறலாம். அடுத்து, கொல்லி அணுவின் உள்ளமைப்பே இடம் மாறுகின்றது. அணுவின் மையத்தருகே இருக்கும் மையவுறுப்பு ஒட்டிடத்தை நோக்கி நகர்ந்து வந்து சவ்வைத் தொட்டு நிற்கின்றது. அதிலிருந்து கிளைத்த நுண்குழல்களின் வழியே நுண்மணிகள் வந்து குவிகின்றன. அவை தம் உள்ளடக்கத்தை இரு அணுக்களுக்கும் இடையிலுள்ள குறுகிய இடைவெளியில் சொரிகின்றன. நாற்புறமும் அம்பு எய்யாமல் ஒரே பகைவன்மீது குறிவைக்கும் வில்லாளனின் செயல் இது.

அங்கே பெர்ஃபோரின் முதலில் வினைப்படுகின்றது. கால்சியத்தின் துணையோடு அது இலக்கு அணுவின் சவ்வில் ஒட்டுகின்றது. ஏறத்தாழ 20 மூலக்கூறுகள் வட்டமாகக் கைகோத்து ஒரு துளையை அமைக்கின்றன. இத்தகைய வளையத் துளைகளை 1980களின் தொடக்கத்திலேயே மின்னணு நுண்ணோக்கியில் கண்டிருந்தனர். எனினும் பெர்ஃபோரின் மூலக்கூறின் வடிவமும் அது சவ்வில் நுழையும் முறையும் 2010இல்தான் தெளிவாயின. மெல்போர்ன், இலண்டன் நகரங்களின் ஆய்வாளர்கள் கூட்டாகக் கண்ட முடிவு அது. துளையின் உள்விட்டம் 13 முதல் 20 நானோமீட்டர் வரை இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. எனினும் கிரான்சைம் நுழைவதற்கு இந்த வாயில் தாராளமாகப் போதும்.

சவ்வு கிழிந்ததை இலக்கு அணு உடனே உணர்கின்றது. கிழிசலைத் தைத்து மூடவும் முயல்கின்றது. ஓரிரு நிமிடத்தில் மூடியும் விடுகின்றது. ஆனால் அதற்குள் கிரான்சைம் உள்ளே புகுந்துவிட்டது. வாயிலை அடைத்துப் பயன் என்ன?

உள்ளே நிகழ்வது

உட்புகுந்த கிரான்சைம் பி இரு வழிகளில் வேலை செய்கின்றது. முதல் வழியில், காஸ்பேஸ்-3 என்னும் உறங்கும் நொதியை வெட்டி எழுப்புகின்றது. காஸ்பேஸும் அஸ்பார்ட்டிக் அமிலத்தை அடுத்து வெட்டும் கத்தியே. அது எழுந்ததும் அணுவின் உள்ளெலும்பு போன்ற புரதங்களும் உட்கருவின் உறைப்புரதங்களும் வெட்டுண்கின்றன. டி.என்.ஏ.வைத் துண்டாடும் நொதி ஒன்று காவலில் வைக்கப்பட்டிருக்கின்றது. அதன் காவலனையும் காஸ்பேஸ் வெட்டிவிட, மரபிழை துண்டு துண்டாகின்றது.

இரண்டாம் வழியில், பிட் என்னும் புரதத்தைக் கிரான்சைம் பி வெட்டுகின்றது. வெட்டுண்ட பிட், அணுவின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்டிரியாவிற்குச் சென்று அதன் புறச்சவ்வைக் குலைப்பதற்குத் துணைநிற்கின்றது. அங்கிருந்து சைட்டோகுரோம் சி கசிந்து மேலும் காஸ்பேஸ்களை எழுப்புகின்றது. ஒரு வழி அடைபட்டாலும் மற்றொரு வழி திறந்திருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. ஏனெனில் பகைவனும் வாளாவிருப்பதில்லை. மாட்டம்மை நச்சுயிரி, கிரான்சைம் பியையும் சில காஸ்பேஸ்களையும் முடக்கும் புரதம் ஒன்றைத் தானே செய்துகொள்கின்றது. படைக்கலத்திற்கு எதிர்க்கலம் என இப்போர் நெடுங்காலமாக நடந்து வருகின்றது.

2020ஆம் ஆண்டில் இத்துறையில் மேலும் ஒரு கதவு திறந்தது. கிரான்சைம் ஏ, கேஸ்டெர்மின் பி என்னும் புரதத்தை வெட்டுகின்றது என்று சீனத்தின் ஃபெங் ஷாவோ குழுவினரும், கிரான்சைம் பி, கேஸ்டெர்மின் ஈ என்னும் புரதத்தை வெட்டுகின்றது என்று அமெரிக்காவின் ஜூடி லீபர்மன் குழுவினரும் காட்டினர். வெட்டுண்ட கேஸ்டெர்மின் சவ்வில் உள்ளிருந்தே துளையிடுவதால் அணு வெடித்து, அழற்சியைத் தூண்டுகின்றது. ஆகவே இலக்கு அணுவிடம் எந்தப் புரதம் இருக்கின்றது என்பதைப் பொறுத்து அதன் சாவு அமைதியாகவும் நிகழலாம், ஆரவாரத்துடனும் நிகழலாம்.

அமைதியான சாவே பெரும்பாலும் நிகழ்வது. அணு சுருங்கி, குமிழ்குமிழாகப் பிரிந்து, உள்ளிருப்பது வெளியே சிந்துமுன் விழுங்கணுக்களால் அகற்றப்படுகின்றது. இத்தகைய சாவுக்கு அப்போப்டோசிஸ் என்னும் பெயரை ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலாஸ்டர் கரி ஆகியோர் 1972இல் வெளியிட்ட கட்டுரையில் வழங்கினர். அச்சொல்லை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் ஸ்காட்லாந்தின் அபெர்தீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் கார்மக். மரத்திலிருந்து இலையும் மலரிலிருந்து இதழும் உதிர்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. அறிவியலுக்குப் பெயர் வேண்டியபோது மொழித்துறையின் கதவைத் தட்டியது, மொழி பயில்வோர் மகிழத்தக்க செய்தி. தமிழிலும் உதிர்ந்த மலருக்கு வீ என்று பெயர். வீதல் என்றால் இறத்தல். இரு தொன்மொழிகள் சாவையும் உதிர்வையும் அருகருகே வைத்து எண்ணியிருப்பது சிந்தனைக்குரியது.

வாளுக்கு உறை

இத்தனை கொடிய கத்தியை ஏந்தித் திரியும் அணு தன்னையே வெட்டிக்கொள்ளாதது ஏன்? இவ்வினாவிற்கான விடையில்தான் இயற்கையின் பேரறிவு புலப்படுகின்றது. வாளைக் கூர்மையாக்கியதற்குச் செலுத்திய கருத்தினும் அதற்கு உறை செய்வதற்கே அது மிகுந்த கருத்தைச் செலுத்தியிருக்கின்றது.

முதலாவது, கிரான்சைம் உருவாகும்போது அதன் முனையில் இரண்டு அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கும். அவை இருக்கும்வரை அது வெட்டாது. நுண்மணியினுள் சென்ற பிறகே கெதெப்சின் சி என்னும் மற்றொரு நொதி அவ்விரண்டையும் நீக்குகின்றது.

இரண்டாவது, நுண்மணியின் உட்புறம் அமிலத்தன்மை உடையது. அங்கே பெர்ஃபோரின் துளையிட இயலாது. கிரான்சைமும் தன் முழு வன்மையோடு வெட்ட இயலாது. மேலும் செர்கிளிசின் என்னும் பெருமூலக்கூறு அவற்றைப் பிணைத்து வைத்திருக்கின்றது. வெளியே வந்து அமிலம் நீங்கிக் கால்சியம் கிட்டிய பின்னரே அவை முழு ஆற்றல் பெறுகின்றன.

மூன்றாவது, தவறிக் கொல்லி அணுவின் உட்புறத்தே கசியும் கிரான்சைம் பியைப் பிடிக்க செர்பின் பி9 என்னும் புரதம் காத்திருக்கின்றது. தன்னை வெட்ட வரும் நொதியைத் தன்னோடு மீளாமல் பிணைத்துக்கொண்டு தானும் அழியும் தன்மையது அது, எலிப்பொறி போன்றது. புற்றணுக்கள் சில இதே புரதத்தைத் தாமும் செய்துகொண்டு தப்பிக்க முயல்கின்றன என்பது வேறு செய்தி.

நான்காவது, கொல்லி அணுவின் சவ்வே பெர்ஃபோரினுக்கு எளிதில் இடங்கொடாத கொழுப்பமைப்பை உடையது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இக்காவல்களால்தான் ஒரு கொல்லி அணு ஒரு பகைவனை வீழ்த்திய பின் விலகிச் சென்று அடுத்தடுத்துப் பல பகைவரையும் வீழ்த்த இயலுகின்றது.

இவற்றிற்கும் மேலாக, போரிட்டறியாத இளம் டி அணுவிடம் இப்படைக்கலங்கள் இருப்பதில்லை. பகைத்துண்டைக் கண்டு, உரிய துணைக் குறிப்பும் பெற்று, சில நாட்கள் பெருகி முதிர்ந்த பின்னரே அது இவற்றை ஏந்துகின்றது.

வாள் இழந்த படை

இனி இக்கட்டுரையின் நடுப்பொருளுக்கு வருவோம். இந்த வாள் இல்லாமலே ஒரு குழந்தை பிறந்தால் என்ன ஆகும்?

1994இல் பெர்ஃபோரின் மரபணு நீக்கப்பட்ட எலிகளைச் சூரிச் நகரில் ஆராய்ந்தனர். அவை சில நச்சுயிரிகளை ஒழிக்க இயலாமல் தவித்தன. அதே ஆண்டில் கிரான்சைம் பி இல்லாத எலிகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, அவற்றின் கொல்லி அணுக்கள் இலக்கின் டி.என்.ஏ.வை விரைந்து துண்டாக்க இயலாமற் போனதைக் கண்டனர். மனிதரிடம் இதன் விளைவு 1999இல் தெரிய வந்தது. குடும்பவழி வரும் குருதியணு விழுங்கு நோய் என்று கூறத்தக்க அரிய நோய் ஒன்றின் காரணங்களுள் பெர்ஃபோரின் மரபணுவின் பழுதும் ஒன்று என அவ்வாண்டில் கண்டறிந்தனர். அந்நோயை 1952இலேயே ஃபர்குவார், கிளேரோ என்னும் மருத்துவர் இருவர் ஒரே பெற்றோரின் குழந்தைகளிடம் கண்டு எழுதியிருந்தனர். காரணம் அறிய 47 ஆண்டுகள் ஆயின.

இந்நோய் பெரும்பாலும் மழலைப் பருவத்திலேயே வெளிப்படுகின்றது. காய்ச்சல் தணியாமல் நீடிக்கின்றது. மண்ணீரலும் கல்லீரலும் வீங்குகின்றன. குருதியின் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு ஆகியவை குறைகின்றன. கொல்லும் ஆற்றல் இல்லாத குழந்தைக்கு நோய் எதிர்ப்பு மங்கிக் கிடக்கும் என்றே நாம் எண்ணுவோம். நிகழ்வதோ அதற்கு நேர்மாறு. எதிர்ப்பு அடங்காத சீற்றமாகின்றது. விழுங்கணுக்கள் வெறிகொண்டு நம் குருதியணுக்களையே விழுங்குகின்றன. மருத்துவம் கிட்டாவிடின் குழந்தை பிழைப்பது அரிது.

இம்முரண் ஏன்? 2015இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. கொல்லி அணு இலக்கைத் தொட்டதும் கொல்வதோடு, ஏனைய படையணிகளை அழைக்கும் குறிப்புப் புரதங்களையும் சுரக்கின்றது. இன்டர்ஃபெரான் காமா அவற்றுள் ஒன்று. இலக்கு சாகத் தொடங்கியதும் பிடி தளர்கின்றது, சுரப்பு நிற்கின்றது. இலக்கின் உள்ளே காஸ்பேஸ் எழுவதே, போதும், விலகு என்னும் குறிப்பாக அமைகின்றது. பெர்ஃபோரினோ கிரான்சைமோ இல்லாதபோது இலக்கு சாவதில்லை, பிடியும் விடுவதில்லை. ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ ஐந்து மடங்கு நீள்கின்றது. அந்நேரமெல்லாம் அபாயச் சங்கு ஊதிக்கொண்டே இருக்கின்றது. சங்கொலி கேட்டு விழுங்கணுக்கள் வெறிகொள்கின்றன.

ஆகவே கிரான்சைமின் தொழில் பகைவனைக் கொல்வது மட்டுமன்று. போரை முடித்துவைப்பதும் அதன் தொழிலே. முடிக்கும் திறன் இல்லாத போர் நாட்டையே எரித்துவிடும்.

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

இந்நோயின் பெரும்பான்மையான வகைகள் இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே வருபவை. பழுதான படியை ஒன்று மட்டும் உடைய தாயோ தந்தையோ நலமாகவே இருப்பர். இருவருமே அவ்வாறு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெருங்கிய உறவினர்க்குள் மணம் நிகழும்போது, ஒரே மூதாதையிடமிருந்து ஒரே பழுதை இருவரும் பெற்றிருக்கும் வாய்ப்பு கூடுகின்றது. அத்தை மகள், மாமன் மகள் என்று உறவில் மணம் முடிக்கும் வழக்கம் நம் தமிழகத்தில் பல சமூகத்தாரிடமும் இருப்பதால், இதனை எடுத்துரைப்பது கடமையாகின்றது. எவரையும் பழிப்பது நம் நோக்கமன்று. உறவில் மணந்த பெரும்பாலோர் நலமான மக்களைப் பெற்றிருக்கின்றனர் என்பதும் உண்மையே. ஆயின் ஒரு குடும்பத்தில் முன்னரே மழலைகள் விளங்காத காய்ச்சலால் இறந்திருந்தால், அதனை விதி என்று விட்டுவிடாமல் மரபணு மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

அவ்வாறே, விடாத காய்ச்சலும் வயிற்றின் இடப்பக்க வீக்கமும் குருதியணுக் குறைவும் ஒருங்கே உள்ள குழந்தையைக் காலந்தாழ்த்தாமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இதனோடு உறவுடைய கிரிசெல்லி நோய்க்குறியின் ஒரு வகையில், நுண்மணிகளைச் சவ்வோடு சேர்க்கும் புரதம் பழுதாகியிருக்கும். அதே புரதம் முடியின் நிறத்திற்கும் வேண்டியது. ஆதலின் அக்குழந்தைகளின் தலைமுடி வெள்ளிபோல் மின்னும். அழகென்று எண்ணிய முடியே நோயின் அறிகுறியாகின்றது. சீற்றத்தை அடக்கும் மருந்துகளை முதலில் தந்து, பின்னர்ப் பொருத்தமான கொடையாளியின் குருதி ஊற்றணுக்களை மாற்றிப் பொருத்துவதன் மூலம் இந்நோயைத் தீர்க்கும் வழி இன்று உண்டு. விரைவில் அறிவதே உயிர் காக்கும்.

வாளை ஏவுதல்

இவ்வாளின் இயல்பை அறிந்த மருத்துவம் அதனைத் தன் குறிக்கோளுக்கு ஏவவும் கற்றுள்ளது. நோயாளியின் டி அணுக்களை வெளியே எடுத்து, புற்றணுவை அறியும் ஏற்பியை அவற்றில் பொருத்தி மீண்டும் உடலில் செலுத்தும் கார்-டி சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்காவில் முதல் ஒப்புதல் கிடைத்தது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு மையமும் தொடர்புற்று உருவான நெக்ஸ்கார்19 என்னும் சிகிச்சை 2023இல் நம் நாட்டின் ஒப்புதல் பெற்றது. ஏற்பி புதிது, ஆயினும் புற்றணுவை வீழ்த்துவதில் தலைமை பெறுவன அதே பெர்ஃபோரினும் கிரான்சைமுமே. அச்சிகிச்சையில் சில வேளை எழும் கடுங்காய்ச்சலும் சீற்றமும், வாளை ஏவுவோர் அளவையும் அறிந்திருக்க வேண்டும் என்பதை மருத்துவர்க்கு நினைவூட்டுகின்றன.

இவ்வாள் தவறான இலக்கின்மீது பாய்வதும் உண்டு. முதல்வகை நீரிழிவில், இன்சுலின் சுரக்கும் கணைய அணுக்களைக் கொல்வதில் கொல்லி டி அணுக்களுக்குப் பங்குண்டு. பொருத்தப்பட்ட மாற்றுறுப்பைத் தாக்குவதிலும் அவை முன்னிற்கின்றன.

நிறைவாக

கண்ணுக்குத் தோன்றாத ஓர் அணு தன் கூரிய வாளை உறையிலிட்டு நடக்கின்றது. ஐயுற்றதும் வீசுவதில்லை, ஆராய்ந்து அறிந்த பின்னரே உருவுகின்றது. ஒருவனை மட்டும் குறிக்கின்றது, அயலானைக் காக்கின்றது. பணி முடிந்ததும் பிடியை விட்டு விலகுகின்றது. இவற்றுள் எந்த ஒன்று பிழைத்தாலும் உடல் நோயுறுகின்றது. உறையில்லாத வாளும் தீது. வாளில்லாத உறையும் தீது.

வலிமை என்பது வீழ்த்தும் திறன் மட்டுமன்று. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று அறியும் திறனும் ஆகும். இவ்வுண்மையை நம் ஒவ்வொருவர் குருதியிலும் எழுதி வைத்திருக்கின்றது இயற்கை. அதனைப் படித்தறிவதும், படித்ததைக் கொண்டு ஒரு குழந்தையின் காய்ச்சலைக் காலத்தே கண்டுகொள்வதும் நம் கையில் உள்ளன.